ரெஃப்ரி ஏன் அப்படி விசில் அடித்தார்? கால்பந்து விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்ச் முடிந்த பத்தாவது நிமிடத்தில் என் போனுக்கு வந்து விழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்கிறவர்கள் கால்பந்து தெரியாதவர்கள் இல்லை, வருடக்கணக்கில் விடாமல் பார்க்கிறவர்கள். அவர்களுக்கே புரியவில்லை என்றால் கோளாறு அவர்களிடம் இல்லை என்பது என் எண்ணம். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். கீழே போகப் போக சிக்கல் கூடும், அதனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் மேலிருந்து படிப்பது நல்லது.

இந்த ரூல்ஸையெல்லாம் யார் எழுதுறாங்க, ஃபிஃபாவா?

ஃபிஃபா மட்டும் இல்லை. 1886இல் தொடங்கிய ஐ.எஃப்.ஏ.பி. என்ற அமைப்புதான் சட்டங்களை எழுதுகிறது. அதில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்குக்கும் ஆளுக்கொரு ஓட்டு, உலகத்தின் மற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஃபிஃபாவிடம் நான்கு ஓட்டு. எட்டில் ஆறு விழுந்தால்தான் எதையும் மாற்ற முடியும். ஃபிஃபா தனியாக நினைத்தாலும் நடக்காது, ஃபிஃபா இல்லாமலும் நடக்காது.

மாற்றங்கள் வழக்கமாக ஜூலை 1 முதல் அமலுக்கு வரும். போன சீசனில் சரியாக இருந்தது இந்த சீசனில் தவறாவது இப்படித்தான். இதைக் கவனிக்காமல் பழைய வீடியோவைக் காட்டிச் சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அதில் இரண்டு பக்கமுமே சரியாக இருப்பதும் உண்டு.

மொத்தம் 17 சட்டம்தானே, அப்புறம் ஏன் இவ்வளவு குழப்பம்?

மூன்று வேறு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது, அளந்து சொல்வது: பந்து கோட்டைத் தாண்டியதா, ஆஃப்சைடா என்பவை. இரண்டாவது, பார்த்து முடிவு செய்வது: ஃபவுலா, ஹேண்ட்பாலா, கார்டா. இங்கே இரண்டு நல்ல நடுவர்கள் இரண்டு விதமாகச் சொல்லலாம், இரண்டும் சட்டத்துக்குள்தான் இருக்கும். மூன்றாவது, நடைமுறை: நடந்த தவறை யார், எப்போது, எதுவரை திருத்தலாம்.

ஒரு முடிவு உங்களுக்குக் கோபம் வரவைத்தால், அது இந்த மூன்றில் எது என்று முதலில் பாருங்கள். கீழே பல பதில்களில் இதற்கே திரும்பி வருவேன்.

பந்தைத்தானே தட்டினான், சுத்தமா பந்துல பட்டுச்சு. அப்புறம் ஏன் ஃபவுல்?

பந்தில் முதலில் கால் பட்டால் ஃபவுல் இல்லை என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. சட்டம் கேட்பது, எப்படிப் போய் மோதினான் என்பதைத்தான். கவனக்குறைவாகப் போனால் ஃபவுல் மட்டும், கார்டு வேண்டாம். எதிராளிக்கு ஆபத்து என்பதைப் பொருட்படுத்தாமல் போனால் மஞ்சள். அளவுக்கு மீறிய வேகத்திலோ பலத்திலோ போய் அடுத்தவன் காலுக்கு ஆபத்து உண்டாக்கினால் சிவப்பு. பந்தைத் தட்டிவிட்டு அதே வேகத்தில் பூட்ஸின் ஆணிகள் கணுக்காலில் இறங்கினால், பந்து பட்டது என்பது உதவாது.

கடைசி ஆளா இருந்து இழுத்துவிட்டா ரெட் கார்டுதானே? ஏன் மஞ்சளோட விட்டாங்க?

கடைசி ஆள் என்ற சொல்லே சட்டத்தில் கிடையாது. நடுவர் நான்கைப் பார்க்க வேண்டும்: கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, அந்த வீரனுக்குப் பந்து கைவசம் ஆகியிருக்குமா, மற்ற டிஃபெண்டர்கள் எங்கே, எத்தனை பேர். நான்கும் சேர்ந்தால்தான் தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்ததாக ஆகும். தடுத்தவன் கடைசி ஆளாக இருந்தும் பந்து கார்னர் கொடிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் மஞ்சள்தான்.

இன்னொன்று, 2016இல் வந்த மாற்றம். அதுவரை பெனால்டி, சிவப்பு அட்டை, அடுத்த மேட்சில் தடை என்று ஒரே தவறுக்கு மூன்று தண்டனை விழுந்துகொண்டிருந்தது. இப்போது பெனால்டி பெட்டிக்குள் பந்தை எடுக்க உண்மையாகவே முயன்று தப்பியிருந்தால் பெனால்டியோடு மஞ்சள் போதும். சட்டையைப் பிடித்து இழுத்தாலோ தள்ளினாலோ, அது பந்துக்கான முயற்சி இல்லை, சிவப்பேதான்.

பந்து வெளிய போயிருச்சுன்னு கண்ணால பார்த்தேன், எப்படி கோல் குடுத்தாங்க?

2022 உலகக் கோப்பையில் ஜப்பான், ஸ்பெயின் மேட்சைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். எல்லைக் கோட்டில் மிதோமா காலால் இழுத்துப் போட்ட பந்தை தனாகா கோலாக்கினார், ஜப்பான் 2-1 என்று ஜெயித்தது, அதனால் ஜெர்மனி வெளியேறியது. பக்கவாட்டுக் கேமராவில் பார்த்தவர்களுக்குப் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் பச்சைப் புல் தெரிந்தது.

கோடு மைதானத்தின் பகுதி. பந்து முழுவதும், கோடு முழுவதையும் தாண்டியிருக்க வேண்டும், தரையிலானாலும் சரி, காற்றிலானாலும் சரி. பந்தின் குறுக்களவு கிட்டத்தட்ட 22 சென்டிமீட்டர், ஆனால் தரையைத் தொடுவது ஒரு புள்ளி மட்டும். அப்படியென்றால் தரையைத் தொடும் அந்தப் புள்ளி கோட்டுக்கு வெளியே 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலும், பந்தின் வயிற்றுப் பகுதி மேலே கோட்டின் விளிம்புக்கு நேராக நிற்கும். நேர் மேலே இருந்து எடுத்த படத்தில் மட்டும்தான் அது தெரியும். வீட்டில் ஒரு பந்தையும் ஒரு துண்டு டேப்பையும் வைத்து, முதலில் பக்கத்திலிருந்தும் பிறகு மேலே இருந்தும் பாருங்கள், உடனே விளங்கிவிடும்.

ஆஃப்சைடை ஒரே மூச்சுல சொல்லுங்களேன்.

சக வீரன் பந்தைத் தொடும் கணத்தில், எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் விட எதிரணிக் கோல் கோட்டுக்கு அருகில் உங்கள் தலையோ உடம்போ காலோ இருந்தால், நீங்கள் ஆஃப்சைடு இடத்தில் நிற்கிறீர்கள். கை கணக்கில் வராது. கடைசிக்கு முந்தைய ஆள் என்பதில் கோல்கீப்பரும் ஒருவர், அவர் முன்னேறி வந்துவிட்டால் கணக்கு மாறும். சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை, இது 1990இலிருந்து. கோல் கிக், த்ரோ இன், கார்னர் மூன்றிலும் ஆஃப்சைடு கிடையாது.

அந்த இடத்தில் நிற்பது மட்டும் குற்றம் இல்லை. அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட வேண்டும்: பந்தைத் தொடுவது, கோல்கீப்பரின் பார்வையை மறைப்பது, எதிராளியை பந்துக்குப் போகவிடாமல் செய்வது என்று. சும்மா நின்றதற்காக ஏன் கொடி தூக்கவில்லை என்று கேட்பதற்கு இதுதான் பதில்.

கால் கட்டைவிரல் நுனிக்கெல்லாமா ஆஃப்சைடு? இது நியாயமா?

முதலில் தொழில்நுட்பம். சாதாரண ஒளிபரப்புக் கேமரா விநாடிக்கு 50 படம் எடுக்கிறது என்று வையுங்கள். முழு வேகத்தில் ஓடும் வீரன் விநாடிக்கு 9 மீட்டர் போகிறான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவன் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான், டிஃபெண்டர் எதிர்த்திசையில் ஓடினால் இடைவெளி இன்னும் கூடும். பாஸ் அடித்த கணம் எந்தப் படத்தில் என்று ஒரு மனிதர் கையால் தேர்ந்தெடுத்து, அதன் மேல் மில்லிமீட்டர் கணக்கில் கோடு போட்டதுதான் வீடியோ சரிபார்ப்பு வந்த ஆரம்ப வருடங்களில் ரசிகர்களைக் கொதிக்க வைத்தது, கொதித்ததில் தவறே இல்லை. 2022 உலகக் கோப்பையில் கூரைக்குக் கீழே 12 கேமரா, ஒவ்வொரு வீரனின் உடம்பிலும் 29 புள்ளிகள், பந்துக்குள் விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார் என்று வந்தபோது, உதைத்த கணம் எது என்ற சந்தேகம் பெருமளவு போய்விட்டது. அந்தத் தொடரின் முதல் மேட்சில் ஈக்வடாரின் வலென்சியா அடித்த கோல் இப்படித்தான் ரத்தானது.

நியாயமா என்றால், அளவு சரியாக இருப்பதும் விதி நியாயமாக இருப்பதும் வேறு வேறு. ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பையான யூரோவில், 2024இல் ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் ஆண்டர்சன் கோல் அடித்தார், சக வீரர் டெலனியின் கால்விரல் முன்னால் இருந்ததாகச் சொல்லி ரத்து செய்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அதே ஆண்டர்சனின் கையில் பந்து லேசாக உரசியது, பந்து சென்சாரின் வரைகோடு துள்ளியதைத் திரையில் காட்டினார்கள், பெனால்டி, ஹாவர்ட்ஸ் அடித்து 1-0. 1-0 என்று முன்னால் போயிருக்க வேண்டிய அணி 0-1 என்று பின்னால் நின்றது. இரண்டு முடிவும் விதிப்படி சரி. ஆனால் முன்னால் நின்று ஆதாயம் தேடுகிறவனைத் தடுக்கத்தான் ஆஃப்சைடே வந்தது, விரல் நுனியால் யாரும் ஆதாயம் அடைவதில்லை. கிரிக்கெட்டில் அம்பயர்ஸ் கால் என்று ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பது போல இங்கேயும் விடலாம் என்பது என் கருத்து. இடைவெளியின் ஓரத்தில் மறுபடி அதே சண்டைதான் வரும் என்பார்கள், வரட்டும், அப்போது வாக்குவாதம் ஓர் அடி தள்ளி நிற்பவனைப் பற்றியாவது இருக்கும்.

டிஃபெண்டர் தொட்டுட்டா ஆஃப்சைடு கிடையாதுன்னு சொன்னாங்களே?

டிஃபெண்டர் வேண்டுமென்றே பந்தை ஆடினால் பழைய ஆஃப்சைடு கணக்கு அழிந்துவிடும். பந்து அவர் மேல் பட்டுத் திரும்பினாலோ, கோலுக்குப் போகும் பந்தை அவர் தடுத்துக் காப்பாற்றினாலோ அழியாது. சிக்கல் முழுவதும் வேண்டுமென்றே என்ற அந்த ஒரு சொல்லில். 2021 அக்டோபரில் நேஷன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் பிரான்ஸின் எம்பாப்பேவுக்கு வந்த பந்தை ஸ்பெயினின் எரிக் கார்சியா எட்டி நீட்டித் தொட்டுவிட்டார், அதனாலேயே எம்பாப்பே ஆஃப்சைடு இல்லை என்றாகி கோல் நின்றது, பிரான்ஸ் 2-1 என்று கோப்பையை எடுத்தது. கார்சியா காலை நீட்டாமல் சும்மா இருந்திருந்தால் அது ஆஃப்சைடு. தன் வேலையைச் செய்ததற்குத் தண்டனை என்று டிஃபெண்டர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

2022இல் விளக்கம் வந்தது. பந்து தூரத்திலிருந்து வந்ததா, அவர் அதைத் தெளிவாகப் பார்த்தாரா, வேகம் எவ்வளவு, உடம்பைச் சரிசெய்துகொள்ள நேரம் இருந்ததா என்று பார்க்க வேண்டும், அதாவது பந்து அவர் கட்டுப்பாட்டுக்குள் வரக்கூடிய நிலையில் இருந்ததா என்று. இந்த அளவுகோலை வைத்தால் எம்பாப்பேயின் அந்தக் கோல் இன்று நிற்காது என்றே நினைக்கிறேன்.

லைன்ஸ்மேன் தூங்கிட்டாரா? கோல் கிட்ட போனப்புறம் கொடி தூக்குறார்!

தூங்கவில்லை, அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆஃப்சைடா என்பது நூலிழையில் இருந்து, உடனே கோல் வாய்ப்பும் இருந்தால், கொடியைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கி விசில் அடித்துவிட்டால், பிறகு அது ஆஃப்சைடு இல்லை என்று வீடியோவில் தெரிந்தாலும் போன வாய்ப்பைத் திருப்பித் தர முடியாது. தெளிவான ஆஃப்சைடுக்கு உடனே தூக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது, அதை எல்லாரும் ஒரே மாதிரி கடைப்பிடிப்பதில்லை.

இதற்கு விலை உண்டு. 2025 மே மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியின் அவோனியி, முன்னால் ஓர் ஆஃப்சைடு நடந்தும் கொடி உயராமல் தொடர்ந்த ஆட்டத்தில், கோல் போஸ்டில் மோதி வயிற்றில் பலத்த காயம்பட்டு அறுவை சிகிச்சைக்குப் போனார். ரத்தாகப் போகிற ஓட்டத்தில் ஒருவன் முழு வேகத்தில் மோதுவதைப் பார்க்க எனக்கு மனசு பதறுகிறது.

கையில பட்டா ஹேண்ட்பால்தானே? இதுல என்ன இவ்வளவு இருக்கு?

கையில் பட்டதெல்லாம் ஹேண்ட்பால் இல்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மூன்று நிலையில்தான் குற்றம். கையைப் பந்தை நோக்கிக் கொண்டுபோய் வேண்டுமென்றே தொடுவது ஒன்று. கையை இயல்பில்லாத விதத்தில் வைத்து உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கும்போது படுவது இன்னொன்று. மூன்றாவது, கோல் அடித்தவனின் கை, அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். கை எங்கே தொடங்குகிறது என்றால் அக்குளின் அடிப்பகுதி மட்டத்திலிருந்து. அதற்கு மேலே தோள், தோளில் பட்டால் பரவாயில்லை.

இயல்பில்லாத என்பதற்கு என்ன பொருள்? அந்த நேரத்தில் அந்த உடல் அசைவுக்கு அந்தக் கை அங்கே இருக்க வேண்டிய அவசியம் இருந்ததா என்பதுதான். ஓடும்போதும் குதிக்கும்போதும் கை அகலத்தான் செய்யும். சறுக்கி விழும்போது தரையில் ஊன்றும் கை இயல்பானது. பந்தை மறிக்க நிற்கும்போது வாத்து இறக்கை மாதிரி விரிந்திருக்கும் கைக்குக் காரணம் சொல்ல முடியாது. டிஃபெண்டர்கள் இப்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்வதைப் பார்க்கிறீர்களே, இதற்காகத்தான். கையைக் கட்டிக்கொண்டு யாராலும் சமநிலையோடு ஓட முடியாது, அதுதான் உண்மையில் இயல்பில்லாத நிலை.

இது மேலே சொன்ன இரண்டாவது வகை, பார்த்து முடிவு செய்வது. 2024 யூரோ காலிறுதியில் கூடுதல் ஆட்ட நேரத்தில் ஜெர்மனியின் முசியாலா அடித்த பந்து ஸ்பெயினின் குக்குரெல்லாவின் கையில் பட்டது, பெனால்டி இல்லை என்றார்கள், ஸ்பெயின் 2-1 என்று ஜெயித்து பிறகு கோப்பையும் வாங்கியது. கை கீழே தொங்கி உடம்பை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது என்பது ஒரு வாதம், கோலுக்குப் போன பந்தை உடம்புக்கு வெளியே இருந்த கை நிறுத்தியது என்பது இன்னொரு வாதம். அதே தொடரில் அதற்கு 6 நாள் முன்பு ஆண்டர்சனுக்குப் பெனால்டி விழுந்திருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த ரசிகனிடம் விதி தெளிவாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கோல் அடிச்சவன் கையில தெரியாம பட்டாலும் கோல் இல்லைங்கறாங்க. டிஃபெண்டருக்கு ஒரு நியாயம், ஃபார்வர்டுக்கு ஒரு நியாயமா?

ஆமாம், வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். கையால் வந்த கோலை யாரும் ஏற்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். 1986இல் கையால் கோல் அடித்த மரடோனா, 2009இல் அயர்லாந்துக்கு எதிராக கையால் பந்தை நிறுத்திக் கோலுக்குக் கொடுத்த பிரான்ஸின் ஆன்றி என்று பெரிய காயங்கள் இருக்கின்றன. அதனால் 2019இல் ஒரேயடியாக இறுக்கினார்கள்: தாக்கும் அணியில் யார் கையில் தெரியாமல் பட்டு கோல் வந்தாலும் செல்லாது.

அந்த ஆகஸ்டிலேயே மான்செஸ்டர் சிட்டி, டாட்டன்ஹாம் மேட்சின் கடைசி நிமிடத்தில் சிட்டியின் ஜெசுஸ் அடித்த கோல், அதற்கு முன் சக வீரர் லபோர்ட்டின் கையில் உரசியதற்காக ரத்தானது. உரசியது லபோர்ட்டுக்கே தெரிந்திருக்காது. 2021இல் தளர்த்தினார்கள். இப்போது கோல் அடித்தவனின் சொந்தக் கையில் பட்டு நேரடியாகவோ உடனடியாகவோ கோல் ஆனால் மட்டும் செல்லாது, சக வீரன் கையில் தெரியாமல் பட்டால் பரவாயில்லை. ஜெசுஸின் அதே கோல் இன்றைக்கு நிற்கும்.

வி.ஏ.ஆர். இருக்கே, எல்லாத்தையும் பார்த்துத் திருத்த வேண்டியதுதானே?

வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் இந்த முறையை 2018இல் சட்டத்தில் சேர்த்தபோதே எல்லை வகுத்துவிட்டார்கள்: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, அட்டை ஆள் மாறிப் போனது. அன்று இந்த நான்குதான். நடுக்களத்தில் தவறாகக் கொடுத்த ஃப்ரீ கிக், அதிலிருந்து மூன்றாவது பாஸில் கோல் விழுந்தால்கூட, பார்க்க முடியாது. எல்லாவற்றையும் பார்த்தால் ஆட்டம் நின்று நின்று போகும் என்ற பயம் அது. பிறகு பட்டியலை விரிக்க வேண்டும் என்ற பேச்சு விடாமல் வந்தது.

போன வாரம் இதே மாதிரிதான் பெனால்டி குடுத்தாங்க. இந்த வாரம் ஏன் இல்லை?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். வீடியோ அறையில் இருப்பவர் கேட்டுக்கொள்வது, இது பெனால்டியா என்பதை அல்ல. மைதானத்தில் நடுவர் எடுத்த முடிவு தெளிவான, வெளிப்படையான தவறா என்பதைத்தான். ஒரே மாதிரி மோதல், போன வாரம் நடுவர் பெனால்டி கொடுத்தார், அது தெளிவான தவறு இல்லை, விட்டுவிட்டார்கள். இந்த வாரம் நடுவர் கொடுக்கவில்லை, அதுவும் தெளிவான தவறு இல்லை, விட்டுவிட்டார்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு முடிவு, இரண்டும் நடைமுறைப்படி சரி. விசில் முதலில் எந்தப் பக்கம் ஊதியதோ அந்தப் பக்கமே பாரம் சாய்கிறது.

இதை ஒத்துக்கொள்ள கஷ்டமாக இருக்கிறது என்றால் நானும் உங்கள் பக்கம்தான். மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது எல்லா மோதலும் கொடூரமாகத் தெரிவது இன்னொரு கோளாறு, அதனால்தான் மோதலின் வேகத்தைத் தீர்மானிக்க வீடியோவைச் சாதாரண வேகத்தில் பார்க்க வேண்டும், எங்கே பட்டது என்று பார்க்க மட்டும் மெதுவாக ஓட்டலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. அப்பவும் ஏன் திருத்தலை?

ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் முன்னால் எடுத்த முடிவை மாற்ற முடியாது. தாக்கியது, கடித்தது, துப்பியது போன்ற சிவப்பு அட்டைக் குற்றங்களும் ஆள் மாறாட்டமும்தான் விலக்கு. இது மூன்றாவது வகை, நடைமுறை.

2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம், லிவர்பூல் மேட்ச். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார், மைதானத்தில் ஆஃப்சைடு என்று கொடி உயர்ந்தது. வீடியோ அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள், ஆஃப்சைடு இல்லை, சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, சரிபார்ப்பு முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். நடுவர் அதை ஆஃப்சைடு உறுதி என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார். சில விநாடிகளில் அறையில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது, நிறுத்தச் சொல்லி ஒருவர் வற்புறுத்தினார், ஆட்டம் தொடங்கியாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. பிறகு வெளியிட்ட ஒலிப்பதிவில் இதையெல்லாம் கேட்கலாம். 0-0இல் நின்ற ஆட்டம் அது, லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

இதற்குத் தேவைப்பட்டது புதுத் தொழில்நுட்பம் இல்லை. களத்தின் முடிவு ஆஃப்சைடு, எங்கள் முடிவு கோல் என்று முழு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் போதும்.

அப்போ அந்த மேட்சை மறுபடி ஆட வைக்கலாமே?

நடுவர் கண்ணால் பார்த்ததைத் தவறாக முடிவு செய்திருந்தால் வைக்க மாட்டார்கள். சட்டத்தையே தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அபூர்வமாக நடந்திருக்கிறது. 2005இல் உஸ்பெகிஸ்தான், பஹ்ரைன் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தான் 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது ஒரு பெனால்டியை கோலாக்கியது, ஆனால் சக வீரர் ஒருவர் முன்கூட்டியே பெட்டிக்குள் ஓடிவந்துவிட்டார். அப்போது பெனால்டியை மறுபடி அடிக்க விட வேண்டும். நடுவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். ஃபிஃபா மேட்சையே ரத்து செய்து மறுபடி ஆட வைத்தது. அதில் 1-1, அடுத்த ஆட்டத்தில் 0-0, வெளியூர் கோல் கணக்கில் உஸ்பெகிஸ்தான் வெளியே போனது. ஜெயித்த மேட்சை இழந்து, அதன் பின் வாய்ப்பையும் இழந்த அந்த அணியை நினைத்தால் மறு ஆட்டம் நியாயம் தரும் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

பெனால்டி அடிக்கும்போது ரெண்டு கால்லயும் பட்டுச்சுன்னு கோலை எடுத்துட்டாங்களே, அது சரியா?

2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக் ஷூட்அவுட்டில் அத்லெட்டிகோவின் அல்வாரெஸ் வழுக்கி, ஊன்றிய காலிலும் பந்து லேசாகப் பட்டது. அடித்தவர் வேறொருவர் தொடும்முன் மறுபடி தொடக் கூடாது என்ற விதிப்படி கோல் செல்லாது, ரியல் மாட்ரிட் 4-2 என்று தாண்டியது. அந்த ஜூனிலேயே ஐ.எஃப்.ஏ.பி. விளக்கம் கொடுத்தது: தெரியாமல் இரண்டு காலில் பட்டுக் கோல் ஆனால் மறுபடி அடிக்க விட வேண்டும். ரசிகர்களின் கோபம் நியாயம் என்று விதியே ஒப்புக்கொண்ட தருணம் என்று இதைச் சொல்வேன். அத்லெட்டிகோவுக்கு அது மூன்று மாதம் தாமதம்.

கூடுதல் நேரத்தை எப்படிக் கணக்குப் போடுறாங்க? குத்துமதிப்பா?

ஆட்களை மாற்றியது, காயம், கார்டு, கோல் கொண்டாட்டம், வி.ஏ.ஆர்., வேண்டுமென்று நேரம் கடத்தியது என்று வீணான எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். பலகையில் காட்டுவது குறைந்தபட்ச நேரம்தான், அதற்குள் மறுபடி யாராவது விழுந்து கிடந்தால் நடுவர் மேலும் நீட்டலாம். 2022 உலகக் கோப்பையில் உண்மையாகவே கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள், இங்கிலாந்து, ஈரான் மேட்சில் கோல்கீப்பருக்குத் தலையில் அடிபட்டதால் முதல் பாதிக்கே 14 நிமிடம் சேர்த்தார்கள்.

கோல்கீப்பர் பந்தைக் கட்டிப்பிடிச்சு படுத்துக்கிட்டா எதிரணிக்கு ஏன் கார்னர்?

2025-26 சீசனில் வந்தது. 8 விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் கார்னர், கடைசி 5 விநாடியை நடுவர் கையைத் தூக்கி எண்ணிக் காட்டுவார். இதற்கு முன் 6 விநாடி என்ற விதி இருந்தது, மீறினால் பெட்டிக்குள்ளேயே மறைமுக ஃப்ரீ கிக். தண்டனை அவ்வளவு பெரிதாக இருந்ததால் நடுவர்கள் பெரும்பாலும் கொடுக்கத் துணியவில்லை, விதி காகிதத்தில் கிடந்தது. தண்டனையைக் குறைத்ததும் விதிக்கு உயிர் வந்தது. சமீபத்திய மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

நேராவே கேக்கறேன், ரெஃப்ரி காசு வாங்கிட்டாரா?

நடந்திருக்கிறது என்பதால் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஜெர்மனியில் ஹொய்ட்சர் என்ற நடுவர் சூதாட்டக் கும்பலுக்காக மேட்சுகளை வளைத்தது 2005இல் வெளியே வந்து சிறைத்தண்டனை பெற்றார். 2006இல் இத்தாலியில் எந்த மேட்சுக்கு எந்த நடுவர் என்பதில் கிளப் நிர்வாகிகள் தலையிட்டது தொலைபேசிப் பதிவுகளில் அம்பலமாகி, யுவென்டஸ் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது. இரண்டிலும் ஆதாரம் இருந்தது.

உங்கள் அணிக்கு எதிராக ஒரு பெனால்டி விழுந்தது ஆதாரம் இல்லை. மனிதர்களுக்கே உரிய சாய்வு வேறு விஷயம், அது உண்டு. 2020இல் ஆளில்லாத மைதானங்களில் ஆடியபோது, வெளியூர் அணிக்கு மஞ்சள் அட்டை கூடுதலாக விழும் பழைய வழக்கம் குறைந்தது. காசு வாங்காதவர் காதிலும் கூட்டத்தின் சத்தம் விழத்தான் செய்யும். நடுவர்களைக் குடும்பத்தோடு திட்டுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது, முடிவைத் திட்டுங்கள், ஆளை விடுங்கள்.

பேசாம வி.ஏ.ஆரையே தூக்கிடலாமே?

கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2024இல் பிரீமியர் லீகில் வுல்வ்ஸ் கிளப் தீர்மானம் கொண்டுவந்தது, 19-1 என்று தோற்றது. சுவீடன் கிளப்புகள் ரசிகர்களின் பேச்சைக் கேட்டு வி.ஏ.ஆர். வேண்டாம் என்றே இருந்துவிட்டன. நார்வேயில் 2024 ஜூலையில் ரோசன்போர்க், லில்லெஸ்ட்ரோம் மேட்சில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் மீன் கட்லெட்டுகளையும் மைதானத்துக்குள் வீசி மேட்சே கைவிடப்பட்டது. அதன் பின் அங்கே கிளப்புகள் எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தும் 2025 மார்ச் பொதுக்குழுவில் வைத்துக்கொள்வது என்று முடிவானது.

என்னைக் கேட்டால் அளந்து சொல்வதை இயந்திரத்திடம் விடலாம். 2010இல் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டுக்குள் அவ்வளவு தூரம் விழுந்தும் கோல் இல்லை என்ற காலத்துக்கு நான் திரும்பிப் போக மாட்டேன். பார்த்து முடிவு செய்பவற்றில் வீடியோ இன்னும் குறைவாகத் தலையிடலாம். ஐந்து நிமிடம் பார்த்தும் முடிவு தெரியவில்லை என்றால் அது தெளிவான தவறு இல்லை என்பதற்கு அந்த ஐந்து நிமிடமே சாட்சி.

டிவியில பார்க்கிறவனுக்காவது கோடு காட்டுறாங்க. மைதானத்துல காசு குடுத்து உக்காந்திருக்கிறவனுக்கு என்ன நடக்குதுன்னே தெரியலையே?

இதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். கோல் விழுகிறது, பக்கத்து இருக்கைக்காரரைக் கட்டிப்பிடிக்கிறீர்கள், நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார், பெரிய திரையில் சரிபார்ப்பு நடக்கிறது என்று ஒரு வரி, மூன்று நிமிடம் கழித்து கையை ஆட்டி இல்லை என்கிறார். எதற்காக என்று தெரியாமலேயே வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போனில் வீட்டிலிருப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

2023 பெண்கள் உலகக் கோப்பையில் நடுவர்களே மைக்கில் காரணத்தைச் சொன்னார்கள். இங்கிலாந்தில் 2025 ஜனவரி 8 அன்று லீக் கோப்பை அரையிறுதியில் முதல் முறையாக அப்படி ஓர் அறிவிப்பு வந்தது, டாட்டன்ஹாமின் சொலாங்கி ஆஃப்சைடு என்று. சில விநாடிகள்தான் ஆனது, அரங்கம் முழுக்கக் காரணம் கேட்டது. கிரிக்கெட்டில் மூன்றாவது அம்பயர் பேசுவதை நேரலையிலேயே கேட்கிறோம். கால்பந்திலோ பெரிய லீகுகளில் வீடியோ அறையின் பேச்சு மேட்ச் முடிந்து, அதுவும் அவர்கள் தேர்ந்தெடுத்த சிலது மட்டும் வெளியே வருகிறது. டியாஸ் கோல் அன்று அந்தப் பேச்சு அரங்கத்தின் ஒலிபெருக்கியில் போயிருந்தால், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பல்லாயிரம் பேர் எழுந்து நின்று, களத்துல கொடி தூக்கியிருக்காங்கய்யா என்று கத்தியிருப்பார்கள்.